தை மாசம், விசுவமடு

ஜனவரி 9
அரசாங்க வேலைக்கு நியமனக் கடிதம் வந்திட்டு. பெப்ரவரி 3 பொறுப்பேற்க வேணுமாம். நான் வடிவா வாசிச்சு முடிக்க முதலே அம்மா அதைச் சாமித்தட்டில வைச்சுக் கற்பூரம் கொளுத்திட்டா.

ஜனவரி 10
மழை. தை பிறக்கப்போகுது, இன்னும் விடேல்லை.

ஜனவரி 12
தறப்பாளுக்குக் கீழ கிடக்கிற கச்சானை (நிலக்கடலையை)ப் பற்றித்தான் முழு யோசினையும். புடுங்கின நாளில இருந்து வெயில் கண்டது கொஞ்சம், கோதோட வைக்கிறதெண்டாலும் ஈரம் 9 வீதத்துக்கு மேல நிண்டா பூஞ்சணம் பிடிச்சிடும், அது விடுற அஃப்ளடொக்சின் எண்ட நஞ்சு வறுத்தாலும் முழுசாப் போகாது, ஈரலைத்தான் பிடிக்கும். கண்ணால பாத்துக் கண்டுபிடிக்கேலாது. மற்றாக்கள் விக்கினம் எண்டு நானும் அப்பிடி விக்கமாட்டன், கம்பசில நாலு வருசம் படிச்சது இதைத்தானே. ராத்திரி எழும்பி டோர்ச் அடிச்சுக் கிளறி விட்டன். அம்மா கதவடியில நிண்டு "கந்தோருக்குப் போகப்போறவள் செய்யிற வேலையே உது" எண்டு கேட்டா. நான் போறன் எண்டு இன்னும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.

ஜனவரி 14
பொங்கல். சித்தப்பா வந்தவர். "நிரந்தர வேலை பிள்ளை, பென்சன் இருக்கு, வயசு எல்லை தாண்டினா பிறகு கூப்பிடமாட்டாங்கள்" எண்டு துவங்கி மத்தியானம் வரைக்கும் அதே கதை. 2021ல இரசாயன உரத்துக்குத் தடை போடேக்க வயலில நட்டப்பட்ட மனுசன், அவர் பயப்பிடுறது எனக்கு விளங்குது. ஆனா எல்லாரும் வேலையை விட்டிட்டுக் கச்சான் செய்து விக்கிற என்ர யோசினையை மட்டும்தான் றிஸ்க் எண்டினம். 2022 செப்டெம்பரில சாமான் விலை ஒரு வருசத்துக்குள்ள 70 வீதமளவில ஏறி நிக்கேக்க மாசச் சம்பளக்காரர் என்ன பாடுபட்டவை, பக்கத்து வீட்டு அக்கா 5 வருசச் சம்பளமில்லா லீவு எடுத்துக்கொண்டு வெளிநாடு போனவ, அவவும் நிரந்தர வேலையில இருந்த ஆள்தானே எண்டு கேட்டன். "அவளுக்குத் திரும்பி வந்து இருக்க ஒரு கதிரை இருக்கு பிள்ளை" எண்டார். என்னட்டை மறுமொழி இல்லை. உண்மைதான் அது.

ஜனவரி 17
முறிகண்டிக்குப் போனன். பிள்ளையாரிட்டைப் பிறகு, முதல் கச்சான்காரரிட்டை. ஏ9 றோட்டில போற வாகனம் அதில நிக்காமல் போகாது, கும்பிட்டிட்டு வாற சனம் கச்சான் சரையை வாங்கிக்கொண்டுதான் ஏறும். ஒரு அம்மா நல்லாக் கதைச்சா. அவவுக்கு விலை பெரிய பிரச்சினை இல்லையாம், பொக்கும் (பருப்பில்லாத கோது) சூத்தையும் கலந்து வாறதுதான் பிரச்சினையாம். "ஒரே அளவாப் பிரிச்சுத் தாறியோ பிள்ளை, மாரியிலும் தருவியோ" எண்டு கேட்டா. பூக்கேக்க ஜிப்சம் போட்டு மண் அணைச்சா பொக்கு நல்லாக் குறையும், அது எனக்குத் தெரியும். மாரிக்குத் தாறதெண்டா காய வைக்கிறதுக்கும் வைச்சிருக்கிறதுக்கும் இடம் வேணும். வாற வழி முழுக்கச் சந்தோசம். ஏன் எண்டு தெரியேல்லை.

ஜனவரி 18
வெயில் இல்லை. பன்றி வேற வந்து போயிருக்கு.

ஜனவரி 21
அம்மா அழுதவ. சத்தமா இல்லை. 2009ல கையில ஒரு பையோட முள்ளிவாய்க்காலால வெளிய வந்த மனுசி, முகாமால திரும்பி வந்து தறப்பாள் கொட்டிலுக்குள்ள இருந்துகொண்டு முதல் வேலையா இந்தக் காணியில பயிர் போட்டவ. அந்த நேரம் கண்ணிவெடி எடுத்து முடிஞ்ச துண்டு எது முடியாத துண்டு எது எண்டு கேட்டுக் கேட்டுத்தான் கால் வைச்சது. அவ எடுத்த துணிவில கால்வாசியும் என்னட்டை இல்லை. அதைச் சொன்னன். "எனக்கு வேற வழி இருக்கேல்லையடி, உனக்குக் கடிதம் வந்திருக்கு" எண்டா.

இதையே நினைச்சுக்கொண்டு படுத்திருக்கிறன். வழி இல்லாமல் செய்தது வேற, வழி இருக்கேக்க விடுறது வேறதான். ஆனா நான் காசுக்காக மட்டும் இதைக் கேக்கேல்லை அம்மா. விளைஞ்சதை மூட்டையோட வியாபாரியிட்டைக் குடுத்திட்டு அவன் சொல்லுற விலைக்குத் தலையாட்டினதை நான் சின்னனில இருந்து பாத்திருக்கிறன்.

ஜனவரி 24
பாங்க். காணி அரசாங்கம் பெர்மிட்டில தந்த காணி, உறுதி இல்லை, ஈடு வைக்கிறதெண்டா டி.எஸ். (பிரதேச செயலாளர்) அனுமதி வேணும். அது எப்ப கிடைக்கும் எண்டு ஒருத்தரும் சொல்லினம் இல்லை. நியமனக் கடிதம் இருக்கெண்டா சம்பளத்தை வைச்சு லோன் தரலாமாம். வேலையை விட்டிட்டுச் செய்ய நினைக்கிறதுக்குக் காசு வேணுமெண்டா வேலைக்குப் போகவேணும். வீட்டை வந்து ஒருத்தரோடயும் கதைக்கேல்லை.

ஜனவரி 27
வெயில்!! காதுக்கிட்ட கிலுக்கினா பருப்பு ஆடுற சத்தம் கேக்குது. 100 கிலோ கோதுக்கு 70 கிலோ அளவில பருப்பு வரும், கையால உடைச்சு முறிகண்டிக்கு நாள் தவறாமல் குடுக்கேலாது, மெசின் இல்லாமல் சரிவராது.

ஜனவரி 30
வவுனியாவில இருந்து மெசின்காரர் போன் எடுத்தவர். சனிக்கிழமைக்குள்ள அட்வான்ஸ் குடுக்காட்டி ஒட்டுசுட்டான் ஆளுக்குக் குடுத்திடுவாராம். காப்பை அடகு வைச்சா அட்வான்ஸ் சரி, மிச்சம் தெரியாது. அம்மாவுக்குச் சொன்னன். கனநேரம் பேசேல்லை. பிறகு, பருப்பு உடையாமல் வருதோ எண்டு முதல்ல எங்கட கச்சானைப் போட்டுக் காட்டச் சொல்லு, ஒரு மூட்டை கொண்டுபோவம் எண்டா. கொண்டுபோவமாம். காலமை ஆறு மணி பஸ்.