வரி கட்டாத பங்களாக்கள்

மார்ச் 3

அம்மாவின் தகரப் பெட்டியில் தாத்தாவின் வீட்டு வரி ரசீதுகள் கிடைத்தன. அந்தக் காலத்தில் ரசீதுகளை வளைந்த கம்பி ஒன்றில் குத்தி மாட்டி வைப்பார்கள். ஒவ்வொரு தாளின் நடுவிலும் துருவேறிய ஓட்டை. ஊதா முத்திரை வெளுத்துப்போய் ‘கண்டோன்’ வரைக்கும்தான் படிக்க முடிகிறது. கண்டோன்மென்ட், அதாவது ராணுவம் தங்கும் ஊர்ப்பகுதி. பல்லாவரத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ராணுவ அதிகாரிகளின் பங்களாக்கள். நாம் வரி கட்டுகிறோம், அவர்கள் கட்டுவதில்லை என்று கேட்டே வளர்ந்தேன். அது சரியா என்று உட்கார்ந்து யோசித்ததில்லை.

மார்ச் 6

சென்ட்ரலில் வேலை முடிந்து வால்டாக்ஸ் ரோடு வழியாக நடந்தேன். ஐதர் அலியின் படை 1769இல் பட்டணத்தின் வாசல் வரை வந்துபோன காலத்தில், கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் வாழ்ந்த கறுப்பர் நகரத்தைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். அந்தச் செலவை உள்ளே குடியிருந்தவர்களிடம் வரியாக வாங்கத் திட்டமிட்டார்கள். வரி வசூலாகவில்லை, ‘வால் டாக்ஸ்’ (மதில் வரி) என்ற பெயர் மட்டும் தெருவில் ஒட்டிக்கொண்டது. 1688இல் மாநகராட்சி அமைத்தபோதும் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜோசையா சைல்டு போட்ட கணக்கு இதுதான்: நாம் வரி போட்டால் மக்கள் முறைப்பார்கள், அவர்களையே சபையில் உட்காரவைத்தால் தாராளமாகத் தருவார்கள். காவலுக்கு ஊரார் வீடு பணம் தரவேண்டும் என்பது அவ்வளவு பழைய எதிர்பார்ப்பு. காவல்காரர் வீடு ஊருக்கு என்ன தரும் என்பதுதான் என் கேள்வி.

மார்ச் 11

பழைய பிரிட்டிஷ் சட்டப்படி முடியரசின் சொத்துக்கு உள்ளூர் வரி இருக்கவில்லை. இந்த விலக்கு எதுவரை நீளும் என்பதை 1865இல் மெர்சி துறைமுக வழக்கில், அன்று அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை சொன்னது. பொதுக்காரியம் என்று சொன்னால் மட்டும் போதாது, முடியரசும் அதற்காக அந்த இடத்தில் இருக்கும் ஊழியரும்தான் விலக்குப் பெறலாம். இந்தக் கோடு எனக்குச் சரியாகப் படுகிறது. கடமைக்காகக் கொடுத்த குவார்ட்டர்ஸில் இருக்கும் அதிகாரி வேறு, ஊருக்குள் தன் வசதிக்கு பங்களா பிடிக்கும் அதிகாரி வேறு. தோளில் நட்சத்திரம் இருக்கிறது என்பதற்காக இரண்டாமவர் வீட்டுக்கு விலக்குக் கேட்பதில் துளியும் நியாயமில்லை.

அந்தக் காலத்தில் கண்டோன்மென்ட்டில் வீட்டுக்காரர் பாடு இன்னும் கஷ்டம். 1902இலும் பிறகு 1923இலும் வந்த சட்டங்களின்படி, அதிகாரிக்கு வீடு வேண்டுமென்றால் சொந்தக்காரரைக் கட்டாயப்படுத்தி வாடகைக்கு வாங்க முடிந்தது. ஓல்டு கிராண்ட் வீடாக இருந்தால் நிலம் சர்க்காருடையது, கட்டடம் மட்டும்தான் அவருடையது. 1924 சட்டத்தில், வாடகைக்கு விட்ட வீட்டின் வரிக்கும் முதல் பொறுப்பு அவர்தான். படிக்கும்போதே கோபம் வந்தது.

மார்ச் 14

எதிர்வீட்டு சுபேதார் ஐயாவிடம் பேச்சுக் கொடுத்தேன். “குவார்ட்டர்ஸ் எங்க வீடா தம்பி? போஸ்டிங் வந்தா பெட்டியக் கட்டணும். இருபத்தெட்டு வருஷத்துல பதினொரு வீடு. எந்த வீட்டுக்கு நான் வரி கட்ட?”

பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். அவர் சொல்வது சரி. சொந்தமில்லாத வீட்டுக்கு அவர் எதற்குக் கட்டவேண்டும்?

“அப்ப ஐயா, உங்களுக்கு வீடு கொடுத்த சர்க்கார் கட்டலாமில்ல?”

“அது கட்டட்டும்” என்றார் உடனே. “குப்பை யார் வீட்டுக் குப்பையா இருந்தாலும் குப்பைதானே.”

மார்ச் 20

அரசியலமைப்பின் 285ஆம் பிரிவு: ஒன்றிய அரசின் சொத்துக்கு மாநிலமோ உள்ளாட்சியோ வரி போட முடியாது, நாடாளுமன்றம் வேறுவிதமாகச் சட்டம் செய்தாலொழிய. 1935 இந்திய அரசுச் சட்டத்திலிருந்து வந்த வாசனை இது. ஆனால் வரி வேறு, சேவைக் கட்டணம் வேறு. ராஜ்கோட் மாநகராட்சி வழக்கில் 2009 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு ஏற்பாடு வந்தது. எல்லா வசதியும் பெறும் ஒன்றிய அரசுக் கட்டடத்துக்கு, மற்றவர்கள் கட்டும் சொத்து வரியில் 75 சதவீதம். கொஞ்சம் பெற்றால் 50. எதுவும் பெறாவிட்டாலும் மூன்றில் ஒரு பங்கு. 2006 கண்டோன்மென்ட் சட்டமும், அங்கே உள்ளாட்சியாக இருக்கும் போர்டுக்கு அரசு ஆண்டுதோறும் சேவைக் கட்டணம் தரவேண்டும் என்கிறது.

மார்ச் 29

வீட்டு வரி கட்டிவிட்டு வந்தேன். வரும் வழியில் பங்களாத் தெருவும் எங்கள் தெருவும் சேரும் மூலையில் கொஞ்ச நேரம் நின்றேன். இரண்டு பக்கத்துச் சாக்கடையும் அங்கே ஒரே குழாயில் விழுகிறது. அள்ளிப்போட்ட சேறு கரையில் காய்ந்துகொண்டிருந்தது. சுபேதார் ஐயாவிடம் இன்னொன்று கேட்க வேண்டும். எல்லா வசதியும் முழுசாகப் பெறும் கட்டடத்துக்கு எதற்கு முக்கால் பங்கு?