குழிவின் கன அளவு

பன்னிரண்டாம் வகுப்பில் தொகை நுண்கணிதம் நடத்திய ஆண்டு அது. y = √x என்னும் வளைவரைக்கும் x அச்சுக்கும் இடையே, x = 0 முதல் 4 வரையுள்ள அரங்கத்தை, அதாவது அடைபட்ட பரப்பை, x அச்சைப் பற்றிச் சுழற்றினால் கிடைக்கும் திடப்பொருளின் கன அளவு 8π என்று வகுப்பு முழுவதும் தயங்காமல் எழுதியது. அதே அரங்கத்தை y அச்சைப் பற்றிச் சுழற்றச் சொன்னபோது, பெரும்பாலோர் சூத்திரத்தில் எழுத்துகளை மட்டும் மாற்றி 32π/5 என்று எழுதினர். அது திடப்பொருளின் நடுவே இருக்கும் குழிவின் கன அளவு. பொருளின் கன அளவோ 128π/5. தொகையிடலில் ஒருவரும் பிழை செய்யவில்லை. எது சுழல்கிறது என்பதைத்தான் அவர்கள் பார்க்கவில்லை.

இடஞ்சார் சிந்தனை, அதாவது உருவங்களையும் அவற்றின் இட அமைவையும் மனத்தில் கண்டு கையாள்வது, வடிவியல் பாடத்துக்கு மட்டும் உரியது என்று அதுவரை எண்ணியிருந்தேன். பின்னர் கீழ் வகுப்புகளுக்கு மாறிய பிறகு, அந்தக் குழிவின் தொடக்கத்தை அங்கே கண்டேன். (a + b)² என்பதை a² + b² என்று எழுதிய எட்டாம் வகுப்பு மாணவியிடம் பக்கம் a + b கொண்ட சதுரத்தை வரையச் சொன்னேன். விடுபட்ட இரு செவ்வகங்களை அவளே நிழலிட்டுவிட்டு, சற்றுக் கோபத்துடன் என்னை நிமிர்ந்து பார்த்தாள். முன்பே வரையச் சொல்லியிருக்கலாமே என்ற அந்தக் கோபம் நியாயமானதுதான். எண் கோட்டில் 1/3-க்கு வலப்புறம் 1/4-ஐக் குறித்த ஆறாம் வகுப்பினருக்கும் பின்னம் என்பது ஓர் இடமாக அல்லாமல், ஒன்றன்மேல் ஒன்றாக எழுதிய இரண்டு எண்களாகவே இருந்தது.

தொடக்க வகுப்புகளில் 4 + □ = 11 என்ற கணக்குக்கு 15 என்று விடை வருவதை ஆசிரியர் பலரும் அறிவர். 6 முதல் 8 வயதுக் குழந்தைகளுக்கு மனத்தில் வடிவங்களைச் சுழற்றும் பயிற்சியை ஒரே அமர்வில் அளித்தபோது, இவ்வகைக் கணக்குகளில் முன்னேற்றம் தெரிந்ததாக செங், மிக்ஸ் என்னும் ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வு கூறியது. அதைப் படித்ததும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஆனால், ஹாஸ் குழுவினர் கணினிவழியே அத்தகைய பயிற்சியை நெடுநாள் அளித்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், கணிதத்தில் அந்த முன்னேற்றம் காணப்படவில்லை. இடஞ்சார் திறன் பயிற்சியால் வளரும் என்பதை 217 ஆய்வுகளைத் தொகுத்த 2013-ஆம் ஆண்டின் பகுப்பாய்வு உறுதிப்படுத்துகிறது. அந்த வளர்ச்சி கணக்குக்குள் தானாக வந்து சேர்ந்துவிடும் என்று நம்ப எனக்குத் துணிவில்லை. ஆகவே புதிர்களுக்கெனத் தனிப் பாடவேளை ஒதுக்குவதைக் கைவிட்டு, நடத்தும் கணக்கையே முதலில் வரையச் சொல்கிறேன்.

இதற்கு நேரம் பிடிக்கிறது. பாடத்திட்டம் பின்தங்குகிறது என்று சக ஆசிரியர்கள் சொல்வதும் பொய்யன்று. எனினும், இரு உருவங்கள் ஒன்றா என்று ஒப்பிட ஆகும் நேரம் அவற்றுக்கிடையே உள்ள கோணத்திற்கேற்பச் சீராகக் கூடுவதை உளவியலாளர்கள் ஷெப்பர்டும் மெட்ஸ்லரும் 1971-லேயே காட்டியிருக்கிறார்கள். மனமும் பொருளைச் சிறிது சிறிதாகவே திருப்புகிறது போலும். அரங்கத்தை வரைந்து முடித்த மாணவர்களிடம், "இது சுழலும்போது அச்சை ஒட்டி என்ன இருக்கும், பொருளா, வெற்றிடமா?" என்று கேட்டுவிட்டு, இப்போது நான் கரும்பலகைப் பக்கம் திரும்பாமல் நிற்கிறேன்.