மூச்சு மாட்டிவிட்ருச்சு

"மெதுவா ஊதுடா, ஸ்க்ரீன்ல வர்ற மேகம் கோட்டுக்குள்ளயே இருக்கணும்"னு டெக்னீஷியன் சொல்ல, என் பையன் அதையே முறைச்சுக்கிட்டு 6 செகண்ட் ஊதுறான். மூணாவது தடவைதான் ஒழுங்கா வந்துச்சு.

52.

ஃபீனோ டெஸ்ட்டாம். மூச்சுல நைட்ரிக் ஆக்சைடு எவ்ளோ வருதுன்னு பாக்குறது, சின்னப் பசங்களுக்கு 35க்கு மேல போனாலே அதிகம், மூச்சுக்குழாய்ல அலர்ஜி வகை வீக்கம் இருக்குன்னு அர்த்தம்.

"ஸ்டீராய்டு இன்ஹேலர் ஒழுங்கா உள்ள போனா இது பொதுவா இறங்கிடுமே, தெனம் போடுறியா கண்ணா?"ன்னாரு டாக்டர்.

இவன் என்னைப் பாக்குறான்.

பைலேருந்து இன்ஹேலர எடுத்துக் குடுத்தேன். போன மாசம் வாங்குனது, 120 பஃப், காலைல ரெண்டு ராத்திரி ரெண்டுன்னா இந்நேரம் தீந்துருக்கணும். பின்னாடி, மிச்சம் எத்தனைன்னு காட்டுற கவுண்டர் 84ல நிக்குது!

நான் அடுப்படிலேருந்து "போட்டியாடா"ன்னு கத்துவேன், இவன் "போட்டேன்மா"ம்பான். அவ்ளோதான் எங்க வீட்டு வைத்தியம். இத நம்பித்தான் ரெண்டு தடவை டோஸ் ஏத்தச் சொல்லி நானே டாக்டர்கிட்ட நச்சரிச்சுருக்கேன், நெனச்சா கூசுது.

டோஸ் ஏத்தல. அதே மருந்து, ஸ்பேசர் (இன்ஹேலர்ல மாட்டுற குழாய்) வச்சு, என் கண்ணு முன்னாடி. 6 வாரம் கழிச்சு திரும்ப ஊதணும்.

ஆட்டோல வர்றப்ப மெதுவா கேக்குறான், "அடுத்த தடவையும் அந்த மேகம் வருமாம்மா?"