சாம்பல் கலர் கிரானைட்டும் பாரி ஊரு சண்டையும்

போன மாசம் எங்க கிச்சன் மேடைக்கு கல்லு மாத்துனோம். எல்லாரும் கருப்பு போடுவாங்க, எனக்கு என்னமோ பிடிக்கல, சாம்பல் கலர் எடுத்தேன். கட் பண்ண வந்த அண்ணன் பால்கனியில கல்ல சாய்ச்சு வச்சு, பென்சில்ல கோடு போட்டு, மெஷின ஆன் பண்ணாரு பாருங்க, ரெண்டே நிமிஷத்துல எதிர் வீடு தெரியல. மூக்குல துண்டு கட்டியிருந்தாரு, புருவம், இமை முடி எல்லாம் கோலமாவு கொட்டுன மாதிரி வெள்ளை. தண்ணி ஊத்திகிட்டே கட் பண்ணலாமே அண்ணேன்னு கேட்டேன். "ஊத்தலாம் சார். கோடு அழிஞ்சிரும், சேறு கீழ்வீட்டு பால்கனியில வழியும், அவங்க வந்து கத்துவாங்க, மெஷின்ல கரண்ட் அடிச்சா நீங்களா வருவீங்க?" நாலும் நியாயமா தான் இருந்துச்சு, நான் வாய மூடிகிட்டேன்.

ஆனா ராத்திரி தூக்கம் வரல, போன எடுத்து படிக்க உக்காந்தேன். கல்லு தூசில இருக்கிற சிலிகாவால சிலிகோசிஸ் (நுரையீரல் தழும்பாகி இறுகிப் போற நோய்) வரும்னு எல்லாருக்கும் தெரியும், அதுல சண்டையே இல்ல. சண்டை எங்கன்னா, லங் கேன்சரும் வருமாங்கிறதுல. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1987ல "அநேகமா வரும்"னு சொல்லி வச்சிருந்தத 1997ல "வரும்"னு மாத்துச்சு. அப்பவும் கூடவே, எல்லா தொழில்லயும் இது தெரியல, சில எடத்துல தெரியுது சில எடத்துல இல்லன்னு ஒரு வரி சேத்தாங்க. அந்த ஒரு வரிய புடிச்சுகிட்டு தான் அப்பறம் இத்தன வருஷமா கச்சேரி.

இதுல எனக்கு ரொம்ப சுவாரசியமா பட்டது அமெரிக்காவுல வெர்மான்ட் மாநிலத்துல இருக்கிற பாரிங்கிற ஊரு (பறம்பு மலை பாரி இல்ல, ஆனா இங்கயும் எல்லாம் மலை தான்). அங்க வெட்டுறதும் சாம்பல் கலர் கிரானைட், முக்கியமா கல்லறைக்கு. இத்தாலியில இருந்தும் ஸ்காட்லாந்துல இருந்தும் கைதேர்ந்த கல்தச்சருங்க அங்க போய் குடியேறினாங்க. காத்துல ஓடுற உளி மெஷின் வந்துச்சு, குளிர் ஊருங்கிறதால ஷெட்ட நாலு பக்கமும் மூடி வச்சு வேலை, தூசி வெளிய போக வழியே இல்ல. சிலிகோசிஸ், அதுக்கு மேல டிபி, ஆளுங்க சின்ன வயசுலயே போயிட்டாங்க. அந்த ஊரு ஹோப் கல்லறைத் தோட்டத்துல லூயி புரூசாங்கிற ஒரு கல்தச்சரோட சமாதி இருக்கு, 1937ல சிலிகோசிஸ்ல செத்தவரு. சாகப்போற மனுஷன் சாஞ்சு கெடக்க பொண்டாட்டி தாங்கி புடிச்சிருக்கிற மாதிரி கிரானைட்லயே செதுக்கி வச்சிருக்காங்க. அந்த சிலைய செதுக்கினப்பவும் அதே தூசி தான பறந்திருக்கும்!

1930கள் கடைசியில ஷெட்டுகள்ல தூசிய உறிஞ்சுற குழாய் வச்சாங்க, தூசி மடமடன்னு கொறஞ்சுது. இனிமே தான் கதை. 1988ல அந்த ஊரு ஆளுங்க 5,414 பேரோட கணக்க பாத்தப்ப, லங் கேன்சர்ல செத்தவங்கள்ல யாரு யாருக்கு புகைப்பழக்க விவரம் கெடச்சுதோ அத்தன பேரும் சிகரெட் பிடிச்சவங்க. அப்ப சிகரெட் தான்பா காரணம்னு ஒரு கட்சி. 2004ல ரெண்டு பேப்பர் வந்துச்சு, ரெண்டும் அதே ஷெட்டு ஆளுங்கள வச்சு. ஒண்ணு தூசி ஏற ஏற கேன்சரும் ஏறுதுன்னுச்சு, இன்னொன்னு 1940க்கு முன்ன சேந்தவங்களுக்கும் பின்ன சேந்தவங்களுக்கும் தூசியில அவ்வளவு வித்தியாசம் இருந்தும் கேன்சர் ஒரே அளவு தான், அதனால சிலிகா காரணமில்லன்னுச்சு. முதல் பேப்பர்லயும் ஒரு இடிக்கிற விஷயம் இருக்கு, ரொம்ப ரொம்ப தூசி சாப்பிட்ட கூட்டத்துல மட்டும் கேன்சர் கணக்கு எறங்கிடுது, அத விட்டுட்டு தான் கணக்கு நல்லா வருது. எனக்கு தோணுறது, அந்த அளவு தூசி சாப்பிட்டவங்கள கேன்சர் வர்ற வயசு வரைக்கும் டிபியும் சிலிகோசிஸும் விட்டு வச்சிருக்குமா? இது என் கணக்கு தான், நான் டாக்டர் இல்ல.

ஒரு ஊர வச்சு தீராதுன்னு தான் பல ஊர சேத்து பாத்தாங்க. 2001ல பத்து கூட்டம், 65,980 தொழிலாளிங்க, பாரிகாரங்களும் அதுல உண்டு, தூசி கூடுனா கேன்சர் கூடுதுன்னு வந்துச்சு. 2020ல ஐரோப்பா, கனடா எல்லாம் சேத்து 16,901 லங் கேன்சர் நோயாளிங்கள நோய் இல்லாத இருபதாயிரத்து சொச்சம் பேரோட ஒப்பிட்டாங்க. சிகரெட்ட தொடாதவங்களுக்கும் கூடுது, சிலிகோசிஸ் வராதவங்களுக்கும் கூடுது, சிகரெட்டும் தூசியும் சேந்தா இன்னும் மோசம். நான் இந்த கட்சி தான். எதிர்கட்சி கேட்ட கேள்வி வீண் இல்ல, சுரங்கம்னா ரேடான்ங்கிற கதிரியக்க வாயு இருக்கும், ஆர்சனிக் இருக்கும், அதுங்களும் கேன்சர் குடுக்கும், எதுன்னு பிரிக்கணும்ல. ஆனா அமெரிக்காவுல ஒரு கன மீட்டர் காத்துக்கு சிலிகா தூசி 50 மைக்ரோகிராம் தான் இருக்கணும்னு அவங்க அரசு ஆராய்ச்சி அமைப்பே 1974ல சொல்லிருச்சு, அது சட்டமா வந்தது 2016ல. 42 வருஷம். சிலிகோசிஸ் ஒண்ணுக்காகவே கொறச்சிருக்கலாமேய்யா, கேன்சர் தீர்ப்பு எதுக்கு?

நடுவுல ஒண்ணு தெரிஞ்சுகிட்டேன், கடையில கருப்பு கிரானைட்னு விக்கிறது பல நேரம் அசல் கிரானைட்டே இல்லயாம், அதுல குவார்ட்ஸ், அதாவது அந்த சிலிகா, ரொம்ப கம்மி. நான் ஆசப்பட்டு எடுத்த சாம்பல் கல்லுல தான் ஜாஸ்தி.

மறுநாள் சிங்க்குக்கு ஓட்டை போடணும். காலையிலயே கீழ்வீட்டு அக்காகிட்ட போய் சொல்லி அவங்க பால்கனியில ஒரு தார்பாய் கட்டிட்டு வந்தேன். கோட்ட பென்சிலுக்கு பதிலா ஆணியால கீறச் சொன்னேன். கரண்டுக்கு மட்டும் என்கிட்ட பதில் இல்ல, மெஷின் மேல தண்ணி படாம பிளேடு ஓடுற எடத்துல மட்டும் ஓட்டை போட்ட பாட்டில்ல பீச்சிகிட்டே ஒரு மணி நேரம் குனிஞ்சு நின்னேன், அண்ணனும் ரப்பர் செருப்ப மாட்டிகிட்டு என்னைய ஒரு மாதிரி பாத்துகிட்டே வெட்டுனாரு. தூசி முக்கால்வாசி இல்ல. சேறு டிரெயின அடச்சுது, அத ரெண்டு நாள் கழிச்சு நான் தான் நோண்டி எடுத்தேன். சிங்க் ஓட்டை ஒரு நூல் கோணல், சிலிகான் பேஸ்ட் வச்சு மறச்சிருக்கோம், வீட்டுல இன்னும் திட்டு விழுது.