ஒன்பதரைக் கிரவுண்டு

சென்னையில் கிரவுண்டு என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். பையன்களுக்குப் பந்தாடும் இடம். என்னைப் போலக் கட்டட பிளான் போட்டுப் பிழைப்பவர்களுக்கு 2,400 சதுர அடி. எங்கள் தெருமுனை கிரவுண்டு ஏறக்குறைய ஒன்பதரைக் கிரவுண்டு. 62 மீட்டருக்கு 34. டேப் வைத்து நானே அளந்தேன். மறுமுனையைப் பிடித்திருந்த மகள் பாதியில் ஐஸ் வாங்கப் போய்விட்டதால் இரண்டு தடவை அளக்க வேண்டியிருந்தது.

அந்த இடம் எப்படிக் கிடைத்தது என்பது பக்கத்திலுள்ள அடுக்குமாடியைப் பார்த்தாலே எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குப் புரிந்துவிடும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டுகிறவர்கள், சாலை போக மீதியில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஓஎஸ்ஆர் என்போம். மனை 3,000க்கும் 10,000க்கும் இடையில் என்றால், நிலம் விட முடியாதபோது வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டிவிட்டும் போகலாம். ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பிளானில் ஓஎஸ்ஆரைக் கடைசியில்தான் போடுவோம். பிளாக்குகள், கார் பார்க்கிங், ஜெனரேட்டர் ரூம் எல்லாம் உட்கார்ந்த பிறகு எந்த மூலை மிஞ்சுகிறதோ அது. இந்த இருபது வருஷத்தில் எத்தனை முக்கோணத் துண்டுகளை ஊர்ப் பிள்ளைகள் தலையில் கட்டியிருக்கிறேனோ! எங்கள் தெருவுக்குச் செவ்வகமாக ஒன்று வாய்த்தது யாரோ செய்த புண்ணியம்.

போன வருஷம் கிரவுண்டைச் சீரமைக்கப் போவதாகச் சொல்லி ஒரு வரைபடம் தெரு வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. நடுவில் 40க்கு 20 மீட்டரில் வலையடித்த செயற்கைப் புல் திடல். ஓரத்தில் வாலிபால் கோர்ட். கேட் பக்கம் ஓபன் ஜிம். மிச்சத்தில் கூழாங்கல் பதித்த எட்டு வடிவ நடைபாதை. எட்டு இல்லாமல் இப்போது எந்தப் பூங்காவும் திறப்பதில்லை. குழுவில் எல்லோரும் கைகூப்பும் பொம்மை போட்டார்கள். எனக்குத்தான் தொழில்புத்தி, வடக்கு எந்தப் பக்கம் என்று பார்த்தேன்.

வாலிபால் கோர்ட்டின் நீளம் கிழக்கு மேற்காக இருந்தது. ஏற்கெனவே சுண்ணாம்புக் கோடு போட்டு ஆடிக்கொண்டிருந்த கோர்ட்டும் அப்படித்தான், அதைப் பார்த்தே வரைந்திருக்கிறார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய் நின்றால் விஷயம் தெரியும். டாஸ் ஜெயித்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு மேற்குப் பக்கத்தை எடுத்துக்கொள்வார்கள். தோற்றவர்கள் சூரியனைப் பார்த்து நிற்க வேண்டும், உயரமாக வரும் பந்து அவர்கள் கண்ணுக்குப் படாது. கோர்ட் 18க்கு 9, சுற்றிலும் மூன்று மீட்டர் விட்டால் 24க்கு 15. எங்கள் கிரவுண்டின் அகலம் 34. தாராளமாகத் திருப்பிப் போடலாம். பைசா செலவில்லை, பேப்பரைத் திருப்பினால் போதும்.

சரி, இன்னும் என்னென்ன விட்டுப்போயிற்று பார்ப்போம் என்று மகளின் பழைய கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு இரண்டு வாரம் அங்கே போய் உட்கார்ந்தேன். மணிக்கு ஒருதரம் யார் யார் இருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்வது, அவ்வளவுதான் வேலை. "எதுக்குக்கா எண்றீங்க, ஓட்டா?" என்று ஒரு பையன் கேட்டான்.

விடிகாலை ஐந்தரைக்கு நடப்பவர்கள், பெரும்பாலும் சர்க்கரைக்காரர்கள். ஆறரைக்கு ஒரு மூலையில் சிலம்பம். பகல் பூராவும் வேப்பமரத்தடியில் நாலைந்து பெரியவர்கள், கேரம் போர்டோடு. நாலரை ஆனதும் டென்னிஸ் பந்து கிரிக்கெட். ஒன்றல்ல, ஒரே நேரத்தில் மூன்று மேட்ச், ஒன்றின் மிட் ஆன் இன்னொன்றின் ஸ்லிப்பில் நிற்பான். வரைபடத்தில் கிரிக்கெட்டுக்கு இடமே இல்லை. மரத்தையும் காணோம்.

பெண்களைத் தனியாக எண்ணினேன். காலை நடையில் பாதிக்குப் பாதி. பத்து வயது வரை சிறுமிகள் ஊஞ்சல் பக்கம் வருகிறார்கள். அதற்கு மேல், சாயங்கால வேளையில், பதினான்கு நாளில் நோட்டில் விழுந்தது மொத்தம் ஆறு கோடு. அதில் இரண்டு தம்பியைக் கூப்பிட வந்தவர்கள்.

என் மகளும் பத்து வயதில் அங்கே பவுலிங் போட்டவள்தான். இப்போது பதின்மூன்று. ஏன் போவதில்லை என்று அன்றைக்குத்தான் கேட்டேன். யாராவது ஏதாவது சொன்னார்களோ என்று எனக்குள் ஒரு பயம். "யாரும் ஒண்ணும் சொல்லலம்மா. அங்க எங்க நிக்கிறதுன்னுதான் தெரியல" என்றாள்.

இதே சிக்கலை வியன்னாக்காரர்கள் 1990களிலேயே பார்த்திருக்கிறார்கள். ஒன்பது வயதைத் தாண்டியதும் சிறுமிகள் பூங்காவிலிருந்து மறைந்துவிடுகிறார்கள் என்று அங்கே ஓர் ஆய்வில் தெரிந்தது. ஒரே பெரிய வெற்றிடம் இருந்தால் அதைப் பெரிய கும்பல் எடுத்துக்கொள்ளும், ஒதுங்குவது பெண்பிள்ளைகள். 1999-ல் மார்கரெட்டன் வட்டாரத்தில் இரண்டு பூங்காக்களை மாற்றினார்கள். வெற்றிடத்தைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, வாலிபாலுக்கும் பேட்மிண்டனுக்கும் இடம் ஒதுக்கி, புதிதாக நடைபாதைகள் போட்டார்கள். சிறுமிகள் திரும்ப வந்தார்கள். ஆஸ்திரியா எங்கே, எங்கள் தெரு எங்கே என்று கேட்கலாம். ஆனால் நிற்க இடம் தெரியாத பிள்ளை எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

நோட்டில் இன்னொன்றும் தெரிந்தது. பெண்கள் கொஞ்சம் ஓய்வாக வரக்கூடிய நேரம் ராத்திரி எட்டு. வேலையிலிருந்து வந்து, அடுப்பு வேலை முடிந்து, சீரியல் தொடங்குவதற்கு முன் ஒரு மணி நேரம். விளக்கின் டைமர் எட்டு மணிக்கு அணையும்படி வைத்திருந்தது! கழிப்பறை இருக்கிறது, பூட்டும் இருக்கிறது. சாவி வாட்ச்மேன் அண்ணனுடைய பைக் சாவிக்கொத்தில், அண்ணன் பைக்கில்.

நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தை ஒட்டி, வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டத்துக்கு நோட்டோடு போனேன். நான் பேசி முடித்ததும் கிரிக்கெட் பையன்கள்தான் முதலில் எதிர்த்தார்கள். அவர்களுக்கு டர்ஃப், அதாவது அந்தச் செயற்கைப் புல் திடல் வேண்டும். நியாயம்தான், டிவியில் பார்க்கிற பச்சை தங்கள் தெருவிலும் வரவேண்டும் என்று ஆசை இருக்காதா? நான் சொன்னது இவ்வளவுதான். சித்திரை வெயிலில் செயற்கைப் புல்லில் வெறுங்காலோடு நின்று பாருங்கள். வலையடித்தால் கேட் வரும், கேட்டுக்குப் பூட்டு வரும், பூட்டுக்கு ஒரு ஆள் வருவார், ஆள் வந்தால் கட்டணம் வரும். 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி ஒன்பது செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் கொடுத்து, ஒருவருக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று தீர்மானம் போட்டது நினைவிருக்கிறதா என்று கேட்டேன். எதிர்ப்பு கிளம்பியதும் அதைக் கைவிட்டார்கள். பையன்களுக்கு நினைவிருந்தது. பத்துப் பேர் ஒரு மணி நேரம் ஆட 1,200 ரூபாய் என்று ஒருவன் மனக்கணக்குப் போட்டு உரக்கச் சொன்னான். அதற்குப் பிறகு டர்ஃப் பேச்சு கொஞ்சம் அடங்கியது.

அப்புறம் ஒரு பாட்டி எழுந்து, "பெஞ்சு போட்டா சாஞ்சுக்குற மாதிரி போடுங்கப்பா, முதுகு இல்லாத பெஞ்சுல எவ்ளோ நேரம் உக்கார்றது" என்றார். என் நோட்டில் இல்லாத விஷயம். நான் தலைகளை மட்டும்தான் எண்ணியிருந்தேன்.

கேட்டது எல்லாம் கிடைக்கவில்லை. டர்ஃப் போய் மண் தரையே நிலைத்தது, மழைத்தண்ணீர் ஓட வாட்டம் மட்டும் கொடுத்தார்கள். வேப்பமரம் தப்பித்தது. கோர்ட் வடக்கு தெற்காகத் திரும்பியது. விளக்கு இப்போது ஒன்பதரை வரை. சாய்வு பெஞ்சு இரண்டு. பின்பக்கம் இன்னொரு கேட் கேட்டேன், கிடைக்கவில்லை. கழிப்பறைச் சாவி பைக்கிலிருந்து எதிர் டீக்கடை ஆணிக்கு வந்திருக்கிறது. எட்டு வடிவ நடைபாதை சொன்னபடியே வந்துவிட்டது, அதை யாராலும் தடுக்க முடியாது.

செவ்வாயும் வெள்ளியும் எட்டேகாலுக்கு நாங்கள் த்ரோபால் ஆடுகிறோம். பள்ளிக்கூடத்தில் விட்டது, எனக்கு முப்பது வருஷம் ஆகிறது. ஆரம்பத்தில் நாலு பேர், இப்போது இரண்டு டீம் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கவும் ஆள் இருக்கிறது. பாதிப் பேர் நைட்டிக்கு மேல் துப்பட்டாவோடு. என் மகளும் அவள் சிநேகிதிகள் மூன்று பேரும் எங்களைப் பார்த்துச் சிரிப்பதற்காக வந்தவர்கள், ஆடத் தொடங்கிவிட்டார்கள்.

ஆண்கள் வாலிபாலுக்கு வலை 2.43 மீட்டர், த்ரோபாலுக்கு 2.20. கம்பத்தில் இரண்டு உயரத்திலும் கொக்கி வைக்கச் சொல்லி வரைந்தே கொடுத்திருந்தேன். வெல்டிங்காரர் ஒரு கம்பத்தில் மட்டும் இரண்டு வைத்துவிட்டு, இன்னொன்றில் மேல் கொக்கியோடு நிறுத்திக்கொண்டார். அதனால் எங்கள் வலை ஒரு பக்கம் சரிந்தே நிற்கும். உயரமான பக்கத்தைப் பழைய சேலைக் கிழிசலால் இழுத்துக் கட்டி ஆடுகிறோம். முடிச்சு நன்றாகப் போட்டால் மூன்றாவது கேம் வரை தாங்கும்.