ரிஜெக்ட் மெயில் சொல்லாத காரணம்

வேலைக்கு விண்ணப்பித்தவருக்கு வரும் நிராகரிப்பு மெயிலில் இரண்டே வரி இருக்கும், காரணம் இருக்காது. அந்த வெற்றிடத்தில், இப்போதுதான் படிப்பை முடித்த பிள்ளைகள் தங்களையே காரணமாக்கிக்கொள்கிறார்கள்: என் கல்லூரி சரியில்லை, என் இங்கிலீஷ் போதாது, எனக்கு இது வராது. இது வேதனையான விஷயம். ஏனென்றால், ஐ.டி. நிறுவனங்களின் ஆஃப்-கேம்பஸ் (கல்லூரி வளாகத்துக்கு வெளியே நடக்கும்) தேர்வில் பெரும்பாலும் சறுக்குவது ஏதோ ஒரு ரவுண்டில், ஏதோ ஓர் இடத்தில்தான். அதைத் தேடிப் பிடிக்கலாம்.

இன்டர்வியூ முடிந்த அன்றே, தூங்குவதற்கு முன், கேட்ட கேள்விகளையும் சொன்ன பதில்களையும் எழுதி வையுங்கள். மெயில் வரும்வரை காத்திருந்தால் பாதி மறந்துபோகும். மீதியை மனவருத்தம் மாற்றி எழுதிவிடும்.

ஆப்டிடியூடில் (கணக்கு, ஆங்கிலம் போன்றவற்றைச் சோதிக்கும் முதல்கட்டத் தேர்வில்) மொத்த மதிப்பெண் நன்றாக இருந்தும் வெளியேறுவது உண்டு. பகுதிவாரியாக கட்-ஆஃப் வைத்திருந்தால், கணக்கில் அள்ளியது வெர்பலில் (ஆங்கிலப் பகுதியில்) விட்டதை ஈடுகட்டாது.

கோடிங்கில் மாதிரி இன்புட்டுக்குச் சரியாக ஓடிய புரோகிராம், கண்ணுக்குத் தெரியாத டெஸ்ட் கேஸ்களில் (நிறுவனம் மறைத்து வைத்திருக்கும் சோதனை இன்புட்களில்) விழும். ஒரு லட்சம் எண்கள் உள்ள பட்டியலில் லூப்புக்குள் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் கட்டளை) போட்டால் 1,000 கோடி சுற்று. ஒன்றிரண்டு விநாடிக் கெடுவுக்குள் முடியாது. கூட்டுத்தொகை சுமார் 214 கோடியைத் தாண்டினால் ஜாவா மொழியின் இன்ட் என்ற எண் வகை தவறான விடை தரும், பெரிய எண்களுக்கான லாங் வேண்டும். காலிப் பட்டியலை யோசிக்காமல் விடுவதும் அடிக்கடி நடக்கிறது.

டெக்னிக்கல் ரவுண்டில் அதிகம் பேர் தடுமாறுவது சொந்த ப்ராஜெக்ட்டில்தான். நான்கு பேர் சேர்ந்து செய்ததில் ‘நீங்கள் எழுதிய பகுதி எது?’ என்றதும் பேச்சு நின்றுவிடுகிறது. உங்கள் பங்கை மட்டும் இரண்டு நிமிடம் பேசி போனில் பதிவுசெய்து கேளுங்கள். ரெஸ்யூமில் எஸ்.க்யூ.எல். (தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழி) என்று போட்டிருந்தால் இரண்டு அட்டவணைகளை இணைக்கும் லெஃப்ட் ஜாயினை தாளில் எழுதிக் காட்டத் தெரிய வேண்டும். தெரியாததை ரெஸ்யூமிலிருந்து எடுத்துவிடுவதே நல்லது.

ஹெச்.ஆர். ரவுண்டு வரை போய் நின்றதற்கு உங்களிடம் காரணமே இல்லாமல் இருக்கலாம். காலியிடம் குறைந்திருக்கும், அல்லது ஷிஃப்டும் ஊரும் ஒத்துவந்திருக்காது. பல நிறுவனங்களில் ஆறு மாதம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம், தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் மறைக்காதீர்கள். ‘கிடைக்கலப்பா’ என்று முடிக்காமல், ‘மூணாவது ரவுண்டு வரை போனேன், எஸ்.க்யூ.எல்.ல விட்டுட்டேன்’ என்று சொல்லிப் பாருங்கள். அடுத்து என்ன செய்யப்போகிறாய் என்ற பேச்சு தானாக வரும்.

கல்விக்கடன் தவணை பொதுவாகப் படிப்பு முடிந்து ஓராண்டு கழித்தே தொடங்கும், வட்டி மட்டும் அதற்கு முன்பே ஏறும். அந்தப் பதற்றத்தில்தான் பலர் ‘டெபாசிட் கட்டினால் வேலை உறுதி’ என்பவர்களிடம் சிக்குகிறார்கள். ஆஃபர் லெட்டருக்கோ பயிற்சிக்கோ பணம் கேட்டால் அங்கேயே விலகுங்கள். இடைவெளியை நிரப்ப, மத்திய அரசின் நாட்ஸ் (NATS, தேசிய தொழில் பழகுநர் பயிற்சித் திட்டம்) தளத்தில் பதிவுசெய்து, உதவித்தொகையோடு ஓராண்டு தொழில் பழகுநராகச் சேரலாம்.