சிவப்பு மூடியா, ஆரஞ்சு மூடியா?

டைப் 1 சர்க்கரை உள்ள குழந்தைக்கு டாக்டர் 10 யூனிட் இன்சுலின் எழுதித் தருகிறார். பென்னாகரத்துக்கோ தேன்கனிக்கோட்டைக்கோ வீடு திரும்பிய பிறகு அந்த 10 யூனிட்டும் ஒழுங்காக உடம்பில் சேர்கிறதா? சர்க்கரை இறங்கவில்லை என்று டோஸைக் கூட்டுவதற்கு முன், மருந்து எங்கே வீணாகிறது என்று பார்க்க வேண்டும்.

முதல் சந்தேகம் சிரிஞ்சு மேல். அரசு மருத்துவமனையில் தரும் 10 மி.லி. குப்பி பெரும்பாலும் மி.லி.க்கு 40 யூனிட் கணக்கு. அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. 100 யூனிட் கணக்கு சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. சிவப்பு இல்லையென்று கடையில் ஆரஞ்சைக் கொடுத்துவிட்டால், 40 குப்பியிலிருந்து 10 கோடு வரை இழுத்தாலும் உள்ளே போவது 4 யூனிட்தான். 100 கணக்கு மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்தாலோ 10க்குப் பதில் 25 ஏறிவிடும், உயிருக்கே ஆபத்து. புதுக் குப்பி வாங்கும்போதெல்லாம் குப்பியின் எண்ணையும் சிரிஞ்சின் எண்ணையும் ஒத்துப் பாருங்கள்.

அடுத்தது வெயில். திறக்காத குப்பிக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். உறைந்துவிட்டால் அந்த மருந்து வீண், ஆகவே ஃப்ரீசர் பக்கமே வைக்கக் கூடாது. திறந்த குப்பி 25, 30 டிகிரிக்குள் இருந்தால் சுமார் 4 வாரம் தாங்கும். சித்திரை வெயிலில் ஷீட் போட்ட வீடு அப்படி இருக்காது. ஃப்ரிட்ஜ் இல்லையென்றால் பெரிய மண்பானையில் மணல் போட்டு, அதற்குள் சின்னப் பானையை இறக்கி, தண்ணீர் புகாத டப்பாவில் மருந்தை வைத்து மூடுங்கள். காற்றோட்டமான நிழலில் வைத்து, காலையும் மாலையும் மணலை நனைத்தால் போதும். தெளிந்த இன்சுலின் கலங்கினாலும், கலங்கல் இன்சுலினை உருட்டிய பிறகும் திப்பி திப்பியாக நின்றாலும் போடாதீர்கள்.

ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தோலுக்கடியில் கொழுப்புக் கட்டி விழும். அங்கே வலி குறைவு என்பதால் பிள்ளைகள் அதே இடத்தைத்தான் காட்டுவார்கள். கட்டியில் போட்ட மருந்து சீராக ஏறாது. ஒவ்வொரு முறையும் ஒரு விரல் அகலம் தள்ளிப் போடுங்கள். பழைய கட்டியை விட்டு நல்ல தோலுக்கு மாறும்போது அதே டோஸே அதிகமாகிவிடலாம், டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

களி விஷயத்தில் நம் பக்கத்தில் ஒரு தப்பெண்ணம் உண்டு: ராகி என்றால் சர்க்கரை ஏறாதாம். 100 கிராம் ராகி மாவில் ஏறக்குறைய 67 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. 15 கிராம் மாவுச்சத்துக்கு 1 யூனிட் என்று டாக்டர் சொல்லியிருந்தால், அதற்கே நாலரை யூனிட் ஆகிறது. உருண்டையைக் கண்ணால் மதிப்பிடாமல் ஒரு வாரம் மாவை எடை போட்டுக் கிளறுங்கள், அப்புறம் கை பழகிவிடும். சாதாரண ரெகுலர் இன்சுலின் என்றால் சாப்பாட்டுக்கு அரை மணி முன் ஊசி. ஆனால் களி அடுப்பிலிருந்து எப்போது இறங்கும் என்று தெரிந்த பிறகே குத்துங்கள். கிருஷ்ணகிரியில் மாம்பழ சீசனில் பிள்ளையை ஏங்க விடவும் வேண்டாம்: சதை 100 கிராமுக்குச் சுமார் 15 கிராம் மாவுச்சத்து, அதையும் கணக்கில் சேர்த்தால் ஆயிற்று.

ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள்.

கண், சிறுநீரகம், கால் நரம்பு கெடுவது வருடக்கணக்கில் ஓசையில்லாமல் நடக்கும். 3 மாதத்துக்கு ஒருமுறை, சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. ரத்தப் பரிசோதனை. நோய் வந்து 5 வருடம் ஆனபின், குழந்தையென்றால் பருவ வயதை ஒட்டி, ஆண்டுதோறும் விழித்திரை, சிறுநீரில் அல்புமின் என்ற புரதம், பாதம் ஆகியவற்றின் பரிசோதனை. கணையத்தைத் தாக்கிய அதே எதிர்ப்புச் சக்தி தைராய்டையும் தாக்கலாம், அதற்கான டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பாட்டிக்கு அதில் வீடு தேடி வரும் சர்க்கரை மாத்திரை பேரனின் இன்சுலினுக்கு ஈடாகாது. அவன் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களே அழிந்துவிட்டன. காய்ச்சலில் சாப்பிடவில்லை என்று ஊசியை அடியோடு நிறுத்தினாலும், கொழுப்பு கரைந்து ரத்தத்தில் சேரும் கீட்டோன் என்ற அமிலம் ஏறும். வாந்தி, வயிற்று வலி, ஆழமாக இழுக்கும் மூச்சு, பழ வாடை தெரிந்தால் உடனே தர்மபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். இதுவரை சர்க்கரையே பார்த்திராத பிள்ளை இளைத்து, ஓயாமல் தண்ணீர் குடித்து, சோர்ந்து விழுந்தாலும், குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவதற்கு முன் விரலில் ஒரு சொட்டு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.